நின்றாலும் நடுக்கம், நிதானமாகப் போனாலும் உதறல்: பழைய ஜென் காருக்கு ஒரு பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அப்பா வாங்கிய 1997ஆம் ஆண்டு மாருதி ஜென், கார்ப்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) வண்டி. வேலைக்காகத் தினமும் புதுச்சேரிக்குப் போய்வருகிறார். மரப்பாலம் சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஏசி போட்டால் இன்ஜின் நின்றேவிடுகிறது. கன்னியக்கோயில் தாண்டிச் சாலை சற்றுக் காலியாகக் கிடைக்கும்போது, 60 கிலோமீட்டர் வேகத்தில் காலை அசைக்காமல் வைத்திருந்தால், பின்னாலிருந்து யாரோ பிடித்திழுத்து விடுவதுபோல வண்டி உதறுகிறது. அழுத்தி மிதித்தால் சரியாகிவிடுகிறது. பிளக், பிளக் வயர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இனி கார்ப்பரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்களாம் பட்டறையில். மாற்றலாமா என்பது அவர் கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. "அழுத்தி மிதித்தால் சரியாகிவிடுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை உங்கள் மெக்கானிக்கிடம் யாராவது சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. சொல்லியிருந்தால் அவர் வேறு இடத்தில் கை வைத்திருப்பார்.

வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் நடுங்குவதும் சீரான வேகத்தில் உதறுவதும் இரண்டு தனித்தனி நோய்கள் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். கார்ப்பரேட்டர் வண்டியில் அவை பெரும்பாலும் ஒரே நோய். காரணத்தைச் சொல்கிறேன். ஐடிலிங்கில் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்திருப்பதால், கார்ப்பரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளை ஏறக்குறைய மூடியிருக்கும். அந்த நிலையில், மிதித்து ஓட்டும்போது பெட்ரோல் விடும் பெரிய துளையான மெயின் ஜெட் வேலையே செய்யாது. இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் முழுவதும் ஐடில் ஜெட் என்கிற ஒரு நுண்ணிய துளை வழியாகத்தான் வருகிறது. நீங்கள் மெல்ல மிதிக்கும்போது பட்டர்ஃபிளையின் விளிம்பு சிறிது விலகி, சுவரில் அதற்குச் சற்று மேலே இருக்கும் இரண்டு மூன்று சிறு துளைகள் திறக்கின்றன. அவற்றுக்கும் பெட்ரோல் வருவது அதே ஐடில் ஜெட் வழியில்தான். ஜென் எடை குறைந்த வண்டி. 993 சிசி இன்ஜினானாலும், மேடு பள்ளமில்லாத கடலூர் சாலையில் 60இல் போவதற்கு அதன் சக்தியில் சிறு பங்குதான் தேவை. ஆகவே அந்த வேகத்திலும் பட்டர்ஃபிளை கொஞ்சம்தான் திறந்திருக்கிறது. ஐடில் வழி விட்டுக்கொடுத்து மெயின் ஜெட் கைக்கு மாறும் இடத்திலேயே இன்ஜின் நின்றுகொண்டிருக்கிறது. ஐடில் வழியில் அடைப்பு இருந்தால் இந்த இடத்தில் பெட்ரோல் போதாமல் போய் உதறும். அழுத்தி மிதித்தால் மெயின் ஜெட் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளும், குறை மறைந்துவிடும்.

காற்றுப் பக்கமும் இதே கதைதான். பட்டர்ஃபிளை மூடியிருக்கும்போதும் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போதும் கார்ப்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, பலமாக இருக்கும். எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், பாக்கிங் விட்டிருந்தால், அந்தப் பலத்தில் வெளிக்காற்று உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும் பங்காகிவிடுகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து, ஒரு சிலிண்டர் எரிந்தும் எரியாமலும் மிஸ்ஸிங் அடிக்கிறது. அழுத்தி மிதித்தால் வேக்குவம் விழுந்துவிடும். உள்ளே போகும் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் ஓட்டை வழி வருவது ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஆக, உங்கள் வண்டி கெடுவது வேக்குவம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மட்டும். பெட்ரோல் பம்ப், ஃப்யூவல் ஃபில்டர், டேங்க் அடைப்பு, இக்னிஷன் காயில் பலவீனம் ஆகியவை காட்டும் முகம் இதற்கு நேர் எதிரானது. அவை மிதிக்க மிதிக்கத் தான் மோசமாகும், ஓவர்டேக் செய்யும்போது கழுத்தறுக்கும். அவற்றை எல்லாம் ஓரமாக வைத்துவிடலாம். இதை உறுதிப்படுத்த ஒருமுறை பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, நான்காம் கியரில் 50இலிருந்து முழுக்க மிதித்துப் பாருங்கள். சுத்தமாக இழுத்துக்கொண்டு போனால் நான் சொல்வது பொருந்தும். இழுக்கும்போதும் திணறினால் இந்தப் பதில் உங்களுக்குப் பாதிதான் பயன்படும்.

இனி முதல் வேலை. ஒரு வேக்குவம் கேஜ் வாங்குங்கள். புதிய கார்ப்பரேட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மேனிஃபோல்டுக்கு நேராகப் போகும் ஏதாவது ஒரு சிறு ஹோஸில் டி இணைப்புப் போட்டு மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டு முள்ளைப் பாருங்கள். நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவு) ஆடாமல் நிற்கும். மலை ஊர்களில் இந்தக் கணக்கில் கொஞ்சம் கழிக்க வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் கடல் மட்டத்திலேயே இருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. முள் ஆடாமல், ஆனால் 12, 13இல் தாழ்ந்து நின்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பின்தங்கியிருப்பது. டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஒரே சீராக, டக் டக் என்று ஒரு குறிப்பிட்ட அளவு விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு சரியாக உட்காரவில்லை. மெதுவாக, ஒழுங்கில்லாமல் இப்படியும் அப்படியும் மிதந்தால் கலவையைச் சந்தேகப்படுங்கள். நிமிடத்துக்கு 2500 சுற்று வரை ரேஸ் செய்து பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைத்திருக்கிறது. பல மணி நேரம் பாகங்களைக் கழற்றி மாட்டியும் தெரியாத விஷயத்தை இந்தச் சிறிய முள் சில நிமிடங்களில் சொல்லிவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் இதைப் பயன்படுத்தும் பழக்கம் போய்விட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முள் தாழ்ந்து நின்றால் கசிவைத் தேட வேண்டும். இன்ஜின் ஓடும்போது, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் துணி சுற்றிய குறடால் அமுக்கிப் பிடியுங்கள். ஐடிலிங் சட்டென்று சீரானால் பூஸ்டரோ அதன் ஹோஸோதான் குற்றவாளி. பூஸ்டர் என்றால் தள்ளிப்போட வேண்டாம், அது பிரேக் சம்பந்தப்பட்டது. அதுபோலவே ஒவ்வொரு சிறு ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள். ஏசி போட்டவுடன் ஐடிலிங்கை ஏற்றிவிடும் டயபிரம் (ரப்பர் சவ்வு) ஒன்று கார்ப்பரேட்டர் ஓரத்தில் இருக்கும். அதன் ஹோஸைத் தனியாகக் கவனியுங்கள். ஏசி சுவிட்சை ஒருவரைப் போடச் சொல்லி, அந்த டயபிரத்தின் கம்பி லிவரை இழுக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இழுக்கவில்லை என்றால் ஏசி போட்டதும் வண்டி நிற்பதற்கு அதுவே நேரடிக் காரணம். டயபிரம் கிழிந்திருந்தால் அதுவே கசிவும் கூட.

இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிறகு கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருக்கும் அடித்தளம். அங்கே இருக்கும் கனமான இன்சுலேட்டர் துண்டு இத்தனை வருடச் சூட்டில் வளைந்தோ வெடித்தோ போயிருக்கும். ஒரு பழைய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, அந்த இணைப்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு ஒரு கணம் இன்ஜினின் சத்தம் மாறும். பலர் கார்ப்பரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ தெளித்துப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே பழுக்கச் சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். தண்ணீரே போதும்.

அடுத்து நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்குவம் அட்வான்ஸ் பற்றி. சீரான வேகத்தில் உதறும் பழைய வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம். மெல்ல மிதித்துப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைவு, எரிவதற்கு நேரம் அதிகமாகும். அதனால் ஸ்பார்க் சீக்கிரமே விழ வேண்டும். அதற்காகவே டிஸ்ட்ரிபியூட்டரின் வயிற்றில் ஒரு தட்டையான டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் டயபிரம். கார்ப்பரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் அதை இழுக்க, அதன் கம்பி உள்ளிருக்கும் தகட்டைச் சிறிது திருப்புகிறது, டைமிங் முன்னேறுகிறது. டயபிரம் கிழிந்தால் டைமிங் முன்னேறாது. சீரான ஓட்டத்தில் வண்டி சோம்பிப் போகும், மைலேஜ் விழும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும்.

சோதிப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் ரோட்டரையும் கழற்றிவிட்டு, ஹோஸின் கார்ப்பரேட்டர் முனையை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே தகடு நகர வேண்டும். நாக்கால் ஹோஸை அடைத்துப் பிடித்தால் தகடு நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் டயபிரம் போய்விட்டது.

இதைவிடக் கள்ளத்தனமான ஒரு கோளாறு உண்டு. டயபிரம் நன்றாக இருக்கும், தகடும் நகரும். ஆனால் அந்தத் தகட்டின் மேல் இருக்கும், ஸ்பார்க் விழும் நேரத்தை உணர்த்தும் பிக்கப் காயிலிலிருந்து வெளியே வரும் மெல்லிய இரண்டு ஒயர்கள், தகடு நகரும் ஒவ்வொரு முறையும் வளைந்து வளைந்து, மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். மெல்ல மிதித்துப் போகும்போது வேக்குவம் தகட்டை இழுக்கும், அறுந்த முனைகள் விலகும், ஸ்பார்க் ஒரு கணம் நிற்கும், வண்டி உதறும். அழுத்தி மிதித்தால் வேக்குவம் விழும், தகடு பழைய இடத்துக்கு வரும், ஒயர் சேர்ந்துகொள்ளும். கார்ப்பரேட்டர் அடைப்பு காட்டும் அதே முகம்! இதனால் எத்தனையோ நல்ல கார்ப்பரேட்டர்கள் தண்டனை அனுபவித்திருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவு இல்லை. வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி, கார்ப்பரேட்டர் பக்கத்துக் குழாயை ஒரு திருகாணி செருகிய ரப்பர் துண்டால் அடைத்துவிட்டு, அப்படியே தவளக்குப்பம் வரை ஓட்டிப் பாருங்கள். வண்டி வேகமெடுப்பது கொஞ்சம் மந்தமாக இருக்கும்; அது பரவாயில்லை. உதறல் அடியோடு நின்றுவிட்டால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது.

பல கார்ப்பரேட்டர்களில் இந்த ஹோஸுக்கான துளை பட்டர்ஃபிளைக்குச் சற்று மேலே இருக்கும். ஐடிலிங்கில் அங்கே வேக்குவமே வராது. அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் கெட்டிருந்தால் சிக்னலில் நடுங்குவது பொதுவாகப் பொருந்தாது. உங்களுக்கு இரண்டும் இருப்பதால் இதை இரண்டாவது சந்தேகமாகவே வைக்கிறேன். ஆனால் 28 வயது தாண்டிய வண்டியில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து வாழ்வது அதிசயமில்லை. மேலும் இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம், ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான்.

முதல் சந்தேகத்துக்கு வருவோம், ஐடில் வழி. அதன் வாசலில் ஒரு சொலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வு) காவல் நிற்கிறது. சாவி போட்டால் திறந்து பெட்ரோலை விடும், சாவியை எடுத்தால் மூடும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, சொலினாய்டின் ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸ் அல்லது கனெக்டர், வந்தும் சத்தமில்லை என்றால் சொலினாய்டு. அடுத்து இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த ஒயரைக் கழற்றுங்கள். நல்ல கார்ப்பரேட்டரில் இன்ஜின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் அதே நடுக்கத்தோடு ஓடிக்கொண்டே இருந்தால் ஐடில் வழி ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது என்று பொருள். யாரோ ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றிப் பட்டர்ஃபிளையைத் திறந்துவைத்து, வேறு துளைகள் வழியாக வண்டியைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டி இந்த நிலையில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்படியானால் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். சுத்தம் என்றால் வெளியே மினுமினுக்கத் துடைப்பது அல்ல. ரப்பர் டயபிரங்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, ஒவ்வொரு ஜெட்டையும் கழற்றி, ஒவ்வொரு வழியிலும் கிளீனர் அடித்து, மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பார்த்து, பிறகு கம்ப்ரஸர் காற்றால் ஊத வேண்டும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளைத் துளை ஒரு நூல் அகன்றாலும் அளவு கெட்டது கெட்டதுதான். அதன்பின் எந்த டியூனிங்கும் நிற்காது. கழற்றிய கையோடு பட்டர்ஃபிளை தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த இடைவெளியிலும் காற்று இழுக்கும். லேத் பட்டறையில் புஷ் போட்டுச் சரிசெய்ய முடியும். அசல் கார்ப்பரேட்டரைப் புஷ் போட்டுக் காப்பாற்றுவது, பெயர் தெரியாத நகலைப் புதிதாக வாங்கி மாட்டுவதைவிட எவ்வளவோ மேல். நகல்களில் ஜெட் அளவு உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலூர்க்காரர்கள் பலர், விலை குறைவு என்பதால் எல்லை தாண்டிப் புதுச்சேரியில் டேங்க்கை நிரப்புகிறார்கள். அந்தப் பெட்ரோல் மட்டம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பழைய வண்டியை இன்று பாதிப்பது இரு பக்கமும் ஒன்றுதான், எத்தனால். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் அறிமுகமாகி, இப்போது அதுவே எங்கும் வழக்கமாகிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்கு ஏறக்குறைய 13.5 கிலோ போதும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி சென்சார் மூலம் இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. பழைய கணக்கிலேயே விடும். விளைவு, 1997இல் சரியாக இருந்த அதே ஜெட்டில் கலவை இன்று சுமார் 8 சதவீதம் வறண்டிருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் அந்த அளவு குறைகிறது. நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஹோஸில் கசிவோ ஜெட்டில் பாதி அடைப்போ இருக்கும் இன்ஜினுக்கு இந்த எட்டே போதும், உதறத் தொடங்கிவிடும். "போன வருடம்வரை நன்றாகத்தானே ஓடியது" என்று பலர் சொல்வதன் பின்னால் இதுவும் இருக்கிறது.

எத்தனால் அந்தக் கால ரப்பரை ஊறவைத்து இளக்கும், டேங்கில் வருடக்கணக்கில் படிந்த கசடைக் கிளப்பிவிடும், நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையைத் திறக்கும்போது அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் அது இந்த ஈரம் செய்த வேலைதான். பெட்ரோல் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். இது உதறலுக்காக மட்டும் சொல்வதல்ல. ஊறி வெடித்த ஹோஸ் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலை ஊற்றும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்க் நிறைந்திருக்கட்டும். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

ஃபெஞ்சல் புயலின்போது வண்டி தண்ணீரில் நின்றது என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு, பெண்ணையாற்று வெள்ளம் கடலூரின் பல பகுதிகளில் புகுந்தது. சக்கரம் பாதி முங்கினாலே போதும், இன்ஜினையும் பாடியையும் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்க்கும், கீழே இருக்கும் எர்த் இணைப்புகளுக்குள் நீர் புகுந்துவிடும். அதன் பலன் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் எர்த் பட்டை என்பது எப்போதும் சந்தேகத்துக்குரியது. மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் மேல், மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். இரவில் பானட்டைத் திறந்து, வெளிச்சம் இல்லாத இடத்தில் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. ஈரக் காற்றில் பிளக் வயர் மேலும் கேப் மேலும் நீலமாகக் கோடு ஓடினால் மின்சாரம் வழியிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. வயர் புதிது என்கிறீர்கள், கேப்பும் ரோட்டரும் மாற்றினீர்களா என்று சொல்லவில்லை.

டேப்பெட் இடைவெளி (வால்வுக்கு மேல் விடும் சந்து), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேக்குவம் முள் சீராகத் துள்ளினால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். டேப்பெட்டை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கையேட்டில் கண்ட அளவுக்கு வைத்துவிட்டு, கம்ப்ரஷன் எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுக்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் ஹெட் இறக்கும் வேலை. அதுவரை மற்ற எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

இன்ஜின் மவுண்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ரப்பர் உட்கார்ந்துபோனால், ஒழுங்காக ஓடும் இன்ஜினும் ஸ்டீயரிங்கை நடுக்கும். சைலன்சர் வாயில் உள்ளங்கையை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் தெரியும்: காற்று ஒரே சீராக அடித்தும் உள்ளே நடுங்கினால் மவுண்ட், நடுநடுவே தடுக்கி அடித்தால் இன்ஜின்.

பலருக்குத் தோன்றாத ஓர் இலவசக் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது: புகைச் சான்றுச் சீட்டு. சான்று எடுக்கும்போது அதில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாமல் வெளியேறும் பெட்ரோல்) எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்று அச்சாகும். உங்கள் வண்டி வயதுக்கு வரம்பு 3 சதவீதமும் 1500 பிபிஎம்மும். வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறோம். மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் மிக அதிகமாகவும் இருந்தால் கலவை வறண்டு மிஸ்ஸிங் அடிக்கிறது. கசிவையும் ஐடில் ஜெட்டையும் தேடுங்கள். இரண்டுமே அதிகம் என்றால் பெட்ரோல் கூடிப்போய்க் கிடக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றை மறைக்கும் சோக் முழுக்கத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மோனாக்சைடு சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் கூடியிருந்தால் ஸ்பார்க் அல்லது வால்வு.

பட்டறைக்குப் போகும்போது "நீங்கள் சொன்னது தப்பு" என்று தொடங்காதீர்கள். கார்ப்பரேட்டர் வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, இருக்கிறவரை மதித்து நடத்துவது நமக்கு நல்லது. "அண்ணே, மெல்லப் போகும்போதும் நிற்கும்போதும்தான் உதறுகிறது, மிதித்தால் இல்லை. சொலினாய்டு ஒயரைக் கழற்றினாலும் ஐடிலிங் மாறவில்லை. வேக்குவம் இத்தனைதான் காட்டுகிறது. கார்ப்பரேட்டரை மாற்றுவதற்கு முன்னால் ஐடில் ஜெட்டையும் அடிப் பாக்கிங்கையும் ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று கேளுங்கள். அறிகுறியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற ஆளுக்கு நல்ல மெக்கானிக் காது கொடுப்பார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் டியூனிங். கசிவு இருக்கும்போதே, ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகுவது வீண். இன்ஜினைச் சூடாக்கி, ஏசியை அணைத்து, விளக்குகளை அணைத்து, டைமிங்கைப் பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் சொன்னபடி முதலில் வையுங்கள். பிறகு கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, முள் எங்கே மிக உயரமாக, ஆடாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஐடில் வேகம் ஏறியிருந்தால் வேக ஸ்க்ரூவால் இறக்கி, மறுபடி மிக்ஸரைத் தொட்டுப் பாருங்கள். எத்தனால் பெட்ரோலுக்காக, அந்த உச்சத்திலிருந்து பெட்ரோல் கூடும் பக்கமாக ஒரு துளி விட்டுவைப்பது என் வழக்கம். ஆனால் இந்த ஸ்க்ரூ ஐடிலிங்கையும் மெல்லிய மிதிப்பையும்தான் திருத்தும். மெயின் ஜெட்டை அது தொடாது. எல்லாம் செய்தும் 80இல் மட்டும் வறட்சி தெரிந்தால், ஒரு படி பெரிய மெயின் ஜெட் போடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

இன்றைக்கு மூன்று காரியம் செய்துவிட்டு எழுதுங்கள். இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் கேஜ் முள் எத்தனையில் நிற்கிறது, ஆடுகிறதா. ஓடும்போது சொலினாய்டு ஒயரைக் கழற்றினால் என்ன ஆகிறது. அட்வான்ஸ் ஹோஸை அடைத்துவிட்டு ஓட்டியபோது உதறல் நின்றதா. கடைசியாக எடுத்த புகைச் சான்றில் உள்ள இரண்டு எண்களையும் சேர்த்து அனுப்பினால், எந்தப் பாகத்தைக் கழற்றுவது என்று அடுத்த பதிலில் சொல்லிவிடுவேன்.